தூங்குமூஞ்சியின் மூன்றாவது கோப்பை

அத்தியாயம் எட்டு

"கமிட்டி நாலு மணிக்குக் கூடுது. இப்ப மணி ஒன்பது. நம்ம கையில என்ன இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு பேனா இருக்கு, மூடி இல்ல. ஒரு கைக்குட்டை இருக்கு, அதை நாலு பேர் முன்னாடி எடுக்கற நிலைமையில இல்ல," என்றான் ஓட்டைவாயன். "துப்புன்னு கேட்டீங்கன்னா, துடைச்சு வச்ச தட்டு மாதிரி சுத்தமா இருக்கோம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இருபது வருஷம் பல் டாக்டராக இருந்தவர் அவர். ஊரார் வாயையெல்லாம் பார்த்துச் சலித்துப்போய், வாயைத் திறக்காதவர்களைத் திறக்க வைக்கிற துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். பழைய பல் நாற்காலியை இன்னும் ஆபீசில் போட்டு வைத்திருந்தார். கேஸ் கொண்டு வருகிறவர்கள் அதில்தான் சாய வேண்டும். பாதிப் பேர் சாய்ந்தவுடனேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவருடைய உதவியாளனுக்கு ஓட்டைவாயன் என்று பெயர் வந்ததற்குக் காரணம் இரண்டு. ரகசியம் தங்காத வாய் என்பது ஒன்று. வாய்க்குள்ளே நாலு கடைவாய்ப் பல் நிஜமாகவே ஓட்டை என்பது இன்னொன்று. "இனிமே உன் கையில சாக்லேட்டைப் பாத்தேன், மரத்துப்போற ஊசி போடாமலே பிடுங்கிடுவேன்" என்று டாக்டரம்மா ஒருநாள் சத்தியம் செய்திருந்தார். பெண்டாட்டிக்கே பயப்படாத முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, அந்த ஒரு சொல்லுக்கு நடுங்கினான்.

இப்போது இருவரும் பந்தய லாயத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஏழாம் நம்பர் கொட்டடியில் ஒரு குதிரை தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

ஆவணங்களில் அவன் பெயர் இடிமுழக்கம். லாயத்தில் எல்லோருக்கும் அவன் தூங்குமூஞ்சி. இரண்டு வயசில் அவனைப் போல முரடன் கிடையாது. மூன்று ஜாக்கிகளைக் கீழே தள்ளினான், ஒரு லாடக்காரரின் காதைக் கடித்தான். மூன்றாம் வயசில் காயடித்தார்கள். அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம் இரண்டே வேலைதான், தூங்குவது, ஜெயிப்பது. பந்தயம் தொடங்கும் இடத்திலேயே நின்றபடி கண்ணை மூடுவான். முக்கால் தூரம் வரை கடைசியில் வருவான். கடைசி வளைவில் யாரோ தட்டி எழுப்பினாற்போல விழித்துக்கொண்டு, அத்தனை குதிரையையும் தாண்டிப் போய் நிற்பான். இருபத்தெட்டு ஓட்டம், இருபது வெற்றி. தங்கக் கோப்பையைத் தொடர்ந்து மூன்று வருஷம் வாங்கிய குதிரை அவனுக்கு முன்னால் கிடையாது.

மூன்றாவது கோப்பையில்தான் இடி விழுந்தது. பந்தயம் முடிந்து பரிசோதித்ததில் தடை செய்த சரக்கு ஏதோ உடம்பில் இருக்கிறது என்று தாள் வந்துவிட்டது. பழி முழுக்க, அவனைக் கூடவே இருந்து பராமரிக்கிற குதிரைக்காரர் தலையில் விழுந்தது. லைசென்ஸ் போகும், ஆயுசுக்கும் எந்த லாயத்திலும் கால் வைக்க முடியாது. பந்தயக் கமிட்டியின் தீர்ப்பு இன்றைக்கு நாலு மணிக்கு.

அவர்மேல் பழி விழக் காரணம் ஒரே ஒரு வரி. பந்தயத்துக்கு முன்னால் குதிரையை ஏதாவது செய்துவிடுவோம் என்று குதிரையின் முதலாளியம்மாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எழுதியவன் எழுதினதோடு சரி, அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் அதற்காக இரண்டு நாள் காவல் இருந்தவன் ஓட்டைவாயன். காவல் அறிக்கையில் அவன் தன் கைப்பட எழுதியிருந்தான்: 'குதிரைக்காரரைத் தவிர வேறு எவரும் குதிரைக்கு எதையும் கொடுக்கவில்லை.'

உண்மையைத்தானே எழுதினோம் என்று பத்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

குதிரைக்காரர் வேலிக்கு வெளியே ஒரு கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக அவருக்கு உள்ளே போக அனுமதி இல்லை. மடியில் ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்றான் ஓட்டைவாயன்.

"அவன் தூங்கல தம்பி," என்றார் அவர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. "பத்து நாளா கண்ணை மூடல. என் தோள்ல தாடையை வச்சுத்தான் தூங்குவான். புது ஆளு தோளு அவனுக்கு உசரம் பத்தல போல."

"நீங்க என்ன குடுத்தீங்கன்னு இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க," என்றார் டாக்டரம்மா.

"நான் யோசிக்காத நேரமே இல்லம்மா. ஓட்ஸ், புல்லு, தண்ணி, அவ்வளவுதான். ஆனா நான்தான் எங்கேயோ அசந்திருக்கேன். புல்லுக்கட்டுல ஏதாவது கிடந்திருக்கும், பாக்காம விட்டிருப்பேன்." அவர் குரல் இறங்கியது. "அவனுக்குக் காயடிச்சாங்களே, அன்னிக்குக் கயிறு பிடிச்சது இந்தக் கைதான். என்னை நம்பித்தான் அவன் அசையாம நின்னான். அந்தப் பாவம் சும்மா விடுமா? சுத்திச் சுத்தி இப்ப வந்து நிக்குது."

ஓட்டைவாயனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"அந்த பிரஷ்ஷைக் காட்டுங்க," என்றார் டாக்டரம்மா திடீரென்று.

"இது பந்தய நாளுக்கு மட்டும்மா. மெத்து பிரஷ். அன்னிக்குக் காலையில தேய்ச்சதுதான், அதுக்கப்புறம் தொடல. கொட்டடியை விட்டு வெளியே போகச் சொன்னப்ப இதை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

டாக்டரம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்தார். பல் பிடுங்கின காலத்துச் சாமான். பிரஷ்ஷின் முடிகளுக்கு நடுவிலிருந்து எதையோ பிடித்து வெளியே இழுத்தார். நகத்தளவு தங்கநிறத் தாள் பளபளத்தது.

"இது என்னடா?"

ஓட்டைவாயனுக்கு அது என்ன என்று நன்றாகத் தெரியும். அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சாக்லேட்டின் மேல்தாள். காவல் இருந்த இரண்டு நாளும் அதைத்தான் தின்றான். சொன்னால் பல் போகும். ஊசி போடாமல் போகும்.

"சிகரெட் தாளு," என்றான்.

டாக்டரம்மா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். "இந்த லாயத்துல சிகரெட் குடிக்கிறது யாரு?"

"ஜாக்கி," என்றார் குதிரைக்காரர். "பசி தெரியாம இருக்கக் குடிப்பான், பாவம்."

சின்னப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தபடி ஓட்டைவாயன் டாக்டரம்மாவின் பின்னால் நடந்தான்.

ஜாக்கி எடை குறைக்கும் அறையில் இருந்தார். ஆவி கொதிக்கிற அறை. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் எலும்பும் மீசையும்தான் மிச்சம். மறுநாள் பந்தயத்துக்கு இன்னும் ஒரு கிலோ கரைக்க வேண்டுமாம்.

"என்னண்ணே, உங்களை இட்லிப் பானையில..." என்று தொடங்கினான் ஓட்டைவாயன். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தவுடன் மீதியை விழுங்கினான்.

"தூங்குமூஞ்சியோட பிரஷ்ல உங்க சிகரெட் தாள் கிடைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "பந்தயத்தன்னிக்குக் காலையில கொட்டடிக்குள்ள என்ன வேலை உங்களுக்கு?"

"நான் எதுக்கும்மா உள்ளே போறேன்? பந்தயத்துக்கு முன்னாடி அவனை எழுப்பினா அபசகுனம்னு நானே நினைக்கிறவன். எங்க, அந்தத் தாளைக் காட்டுங்க."

வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். தாளை மூக்கருகே கொண்டு போய்க் கண்ணை மூடி மெல்ல உள்ளிழுத்தார். அவருடைய மீசை நடுங்கியது.

"இது சிகரெட் இல்லம்மா, சாக்லேட். பால் போட்டது, உள்ளே முந்திரி வச்சது."

"நிச்சயமா?"

"நான் சாக்லேட்டை வாயில வச்சு ஏழு வருஷம் ஆச்சு. கடைக்கு வெளியே நின்னு வாசனை பிடிச்சுட்டு வந்துடுவேன். பசிச்சவன் மூக்கு பொய் சொல்லாதும்மா." தாளைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. "இன்னொரு தரம் மோந்துக்கட்டுமா?"

வெளியே வந்ததும் டாக்டரம்மா தாளை மடித்துக்கொண்டு வைத்தியர் அறையைப் பார்த்து நடந்தார். ஓட்டைவாயன் நாக்கால் இடது கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பத்து நாளாக அது வேறு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

குதிரை வைத்தியரின் அறையில் மருந்து நெடி. அவர் மேஜைமேல் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பரிசோதனைத் தாளை டாக்டரம்மா அவர் முன்னால் வைத்தார்.

"இதுல ஒரு பேர் இருக்கே, இந்தச் சரக்கு எதுல இருக்கும்?"

"அந்தப் பேரை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள குதிரை ரெண்டு சுத்து வந்துடும்," என்றான் ஓட்டைவாயன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. கொக்கோவுல இருக்கும்," என்றார் வைத்தியர். "சாக்லேட்ல இருக்கும். மனுஷன் தின்னா பல்லு கெடும், அவ்வளவுதான். குதிரைக்குப் போனா வேகம் கூடும்னு சட்டம். அரைத் துண்டு போதும், பரிசோதனையில காட்டிக் குடுத்துடும்."

"இதை ஏன் கமிட்டிகிட்ட சொல்லல?"

"ஊசியில போச்சா வாயில போச்சான்னு கேட்டாங்க. வாயிலன்னு சொன்னேன். எதுலன்னு யாரும் கேக்கல," என்று வைத்தியர் பேப்பரைப் புரட்டினார்.

அந்தக் காலை அப்படியே ஓட்டைவாயன் கண்முன்னால் வந்து நின்றது. பந்தயத்தன்று ஒன்பது மணி. குதிரைக்காரர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அவன் கொட்டடிக் கதவில் சாய்ந்து சாக்லேட்டைப் பிரித்துப் பாதி கடித்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் மூலையில் கேட்டது. பையில் போட நேரமில்லை, தரையில் போட்டால் தெரிந்துவிடும். தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. திணித்துவிட்டான். கிழிந்த தாள்துண்டு கீழே கிடந்த பிரஷ்ஷுக்குள் விழுந்ததைக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் அதை மறந்தே போனான். அறிக்கை எழுதும்போதுகூட நினைவு வரவில்லை. யார் யார் கொட்டடிக்கு வந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணியவன், எண்ணுகிற விரல் யாருடையது என்று பார்க்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, ஆடு மேய்ந்ததென்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறது.

காரில் ஏறியதும் டாக்டரம்மா சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆக, சாக்லேட். கொடுத்தது யாரு? கொட்டடிக்குள்ள வேற யாரும் வரலைன்னு நீ எழுதியிருக்கே. அப்படின்னா குதிரைக்காரர்தான், இல்லையா?"

"அ... அப்படித்தான் ஆகுதுங்களா?"

"உன் அறிக்கைதானே சொல்லுது."

இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. வாயைத் திறந்தான். ஊருக்கெல்லாம் ஒழுகுகிற வாய், அன்றைக்கு ஒரு சொட்டு ஒழுக மறுத்தது. காவலுக்கு வைத்தவனே கெடுத்தான் என்றால் டாக்டரம்மாவின் பெயர் என்ன ஆகும், நாளைக்கு யார் வந்து அந்த நாற்காலியில் சாய்வார்கள் என்று ஒரு சாக்கு கிடைத்தது. அது சாக்குதான் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

"பசிக்குதுங்க," என்றான்.

"எனக்கும்தான்," என்று டாக்டரம்மா காரைக் கிளப்பினார். வழியில் வாங்கின ரொட்டியை அவன் வலது பக்கத்திலேயே மென்று விழுங்கினான். பாதிக்குமேல் இறங்கவில்லை.

நாலு மணிக்குக் கமிட்டி அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நீள மேஜை. நடுவில் தங்கக் கோப்பை. அதற்கு இந்தப் பக்கம் முதலாளியம்மா, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் கமிட்டித் தலைவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். குதிரைக்காரர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தலைவர் அறிக்கையை எடுத்து வாசித்தார். "'குதிரைக்காரரைத் தவிர வேறு எவரும் குதிரைக்கு எதையும் கொடுக்கவில்லை.' காவல் இருந்தவர் கையெழுத்து இருக்கு. இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

குதிரைக்காரர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பி பொய் எழுதற ஆளு இல்லைங்க. ரெண்டு நாளும் கண்ணு மூடாம என்கூட உக்காந்திருந்தாரு. அவர் அப்படி எழுதியிருந்தா அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாமலே என் கையால ஏதோ போயிருக்கு. ஒத்துக்கறேன்." கையெடுத்துக் கும்பிட்டார். "என்னை என்ன வேணா பண்ணுங்க. கோப்பையை மட்டும் அவன்கிட்டேருந்து எடுத்துடாதீங்க. மத்த குதிரைங்க பேரைச் சொல்லக் குட்டிங்க இருக்கும். இவனுக்கு அதையும் நாம விட்டு வைக்கல. இது ஒண்ணுதான் இருக்கு."

ஓட்டைவாயன் எழுந்து நின்றான். எழுந்தது தன் கால்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

"ஐயா, அந்த அறிக்கையில ஒரு ஆள் விட்டுப்போச்சு."

"யாரு?"

"நான்தாங்க."

அந்தக் காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

"நீ குதிரைக்குச் சாக்லேட் ஊட்டினியா?" என்றார் தலைவர், எல்லாம் கேட்டு முடித்தபின்.

"ஊட்டலைங்க, ஒளிச்சு வச்சேன். அவன் வாய்க்குள்ள."

யாரோ சிரித்தார்கள். மேஜையோரம் இருந்த மூன்று பந்தயக்காரர்கள் சிரிப்பை அடக்க ஒரேயடியாக இருமினார்கள். ஓட்டைவாயன் வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் சொன்னதற்குச் சிரித்தவர்களை வெறுத்தான்.

"சிரிக்காதீங்க," என்றான். "இந்த மனுஷன் பத்து நாளா புல்லுக்கட்டை ஒவ்வொண்ணா மனசுக்குள்ள பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பண்ணாத தப்பைத் தேடித் தேடி எடுத்துக்கிட்டாரு. பண்ணின நான் வலது பக்கமா ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன். மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலைங்க. அது அரைத் துண்டு சாக்லேட்டைவிடப் பெரிய தப்பு."

தலைவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "உங்க ஆளு சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"

டாக்டரம்மா தங்கத்தாளை மேஜைமேல் வைத்தார். "பந்தயத்தன்னிக்கு மட்டும் எடுக்கற பிரஷ்ல இருந்தது. ஜாக்கி மோந்து பாத்து சாக்லேட்னு சொன்னாரு. உள்ளே போன சரக்கு அதுலதான் இருக்குன்னு உங்க வைத்தியரே சொல்லுவாரு. இன்னொண்ணும் எழுதிக்குங்க. வளர்ந்த ஆம்பளை ஒருத்தன் சாக்லேட்டைக் குதிரை வாய்ல ஒளிச்சு வைக்கிற அளவுக்கு மிரட்டி வச்சது நான். அதுல பாதிப் பாவம் என்னுடையது."

தீர்ப்பு சொல்லக் கால் மணி நேரம் ஆனது. தெரியாமல் நடந்தாலும் சரக்கு சரக்குதான், கோப்பை இரண்டாவதாக வந்த குதிரைக்கு. குதிரைக்காரர்மேல் குற்றமில்லை. காவலுக்கு இருந்தவன் இனி ஆயுசுக்கும் லாயத்து வேலியைத் தாண்டக் கூடாது.

முதலாளியம்மா கோப்பையை ஒரு தரம் முந்தானையால் துடைத்துத் தலைவர் பக்கம் தள்ளினார். ஓட்டைவாயனை அவர் திரும்பியே பார்க்கவில்லை. குதிரைக்காரரிடம் மட்டும், "இன்னும் ஏன் இங்க நிக்கறீங்க? அவன் பத்து நாளா தூங்கல, போங்க," என்றார்.

படிக்கட்டில் ஓட்டைவாயன் குதிரைக்காரர் காலைப் பிடிக்கக் குனிந்தான். அவர் விலகிக்கொண்டார். விலகினது அவனுக்கு உறைத்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த அரைத் துண்டாலதான் அவன் ஜெயிச்சானா?"

"இல்லண்ணே. முந்தின பத்தொம்போது தடவை யாரு சாக்லேட் குடுத்தாங்க? அவன்தான் ஜெயிச்சான்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மளமளவென்று இறங்கி லாயத்தைப் பார்த்து நடந்தார்.

வேலிக்கு வெளியே காரின்மேல் சாய்ந்து ஓட்டைவாயன் கேட்டான். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காலையிலேயே. நாலு வருஷமா உன்கிட்ட மணி கேட்டாக்கூட ஒரு கதை சொல்லித்தான் மணி சொல்லுவே. அந்தத் தாளைக் காட்டினப்ப 'சிகரெட் தாளு'ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டே. அப்பவே பொய்னு தெரிஞ்சுது. பல்லு வலியில ரொட்டியை ஒரே பக்கமா மென்னப்ப, சாக்லேட் யாருதுன்னும் தெரிஞ்சுது."

"அப்ப கார்லயே கேட்டிருக்கலாமே. நாலு மணி வரைக்கும் என்னை வேக வச்சீங்களே."

"நான் பிடுங்கியிருந்தா வேரு உள்ளேயே நின்னிருக்கும்டா. நீ எழுந்திருக்கலைன்னா நான் எழுந்திருப்பேன். ஆனா நாளையிலேருந்து நீ என்கிட்ட வேலைக்கு வந்திருக்க மாட்டே." டாக்டரம்மா கார்க் கதவைத் திறந்தார். "காலையில ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில வந்து உக்காரு. இடது கடைவாய்ப் பல்லை எடுத்தாகணும். பயப்படாதே, ஊசி போட்டே எடுக்கறேன்."

ஓட்டைவாயன் லாயத்தைத் திரும்பிப் பார்த்தான். வேலிக் கம்பிகளுக்கு நடுவே ஏழாம் நம்பர் கொட்டடி தெரிந்தது. குதிரைக்காரர் உள்ளே போய் முதுகைத் திருப்பி நின்றார். தூங்குமூஞ்சி அவர் சட்டையை ஒரு தரம் முகர்ந்தான். பெரிய தாடையைத் தூக்கி அவர் தோளில் வைத்தான். எதை ஜெயித்தோம், எதைப் பறிகொடுத்தோம் என்று எதுவும் தெரியாமல், அடுத்த நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டான். பாரம் தாங்காமல் அவர் முழங்கால் லேசாக மடங்கியது. ஆனாலும் அவர் அசையவில்லை.

"ஊசி வேண்டாம் டாக்டரம்மா," என்றான் ஓட்டைவாயன்.

"வலிக்கும்டா."

"வலிக்கட்டும்."